தண்ணீர் போன வழி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் சமயமும் பேசுவதே மரபு. அவற்றைப் பேசுதற்கு நம்மினும் தக்க புலமையுடையோர் இம்மேடையிலேயே வீற்றிருக்கின்றனர். ஆயினும் விழாக் குழுவினர், "கோடை வருகின்றது, நம்மவர் பலர் காரிலேயே ஊருக்குப் புறப்படுவர், வழியில் வண்டி கொதித்து நின்றால் செய்யத்தக்கது யாது என்பதை எடுத்துச் சொல்லுக" எனப் பணித்தனர். ரயில்வேயில் எழுத்தராக இருப்பவரை அழைத்து மோட்டார் காரைப் பற்றிப் பேசச் சொல்வதிலுள்ள வேடிக்கையை நாமும் அறிவோம். 2024 நவம்பர் முதல் நாளிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னர்தான் தொடங்குகின்றது. மே மாதத்திற்குத் தென்திசை வண்டிகளில் இடம் பெறுவது எத்துணை அரிது என்பதை, பயணச்சீட்டு கேட்டு நம் வீட்டுக் கதவைத் தட்டிய அன்பர்கள் நன்கறிவார்கள். எனவே கார் உடையவர் காரை நம்புகின்றனர். அதில் குற்றம் காண்பதற்கில்லை.

நாகபுரியிலிருந்து சேலம் 1,200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஹிங்கன்காட், பாண்டர்கவடா, ஆதிலாபாத், நிர்மல், ஐதராபாத், கர்நூல், அனந்தப்பூர், பெங்களூர், கிருஷ்ணகிரி என்று வழி நீண்டு செல்கின்றது. மே மாதத்து விதர்ப்பத்தில் நிழலிலேயே வெப்பம் 45 டிகிரியைத் தொடும். ஐவர் அமர்ந்து, கூரைமேல் பெட்டி ஏற்றி, ஏ.சி.யையும் இயக்கிக்கொண்டு நண்பகலில் செல்லும் வண்டிக்கு அது எளிய வேலையன்று.

சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும் கணத்தில் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரிக்கும் மேலாக உயர்கின்றது. அதனை மூடி நிற்கும் ஹெட் என்னும் பகுதியோ இக்கால வண்டிகளில் அலுமினியத்தால் ஆனது. தூய அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். உருகுவதற்கு நெடுமுன்னரே வலுவிழந்து வளைந்துவிடும். எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வண்டியை ஓட்டப் பயன்படுகின்றது. மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகின்றது. எஞ்சிய பங்கில் பெரும்பகுதியைச் சுமந்து சென்று வெளிக்காற்றில் விடுவது, எஞ்சினுக்குள் சுற்றி வரும் நான்கைந்து லிட்டர் நீரின் கடமை. வாட்டர் பம்ப் அந்நீரைத் தள்ளுகின்றது. அது சிலிண்டர்களைச் சுற்றி வந்து, தெர்மோஸ்டாட் என்னும் கதவைக் கடந்து, மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டரில் புகுந்து, ஆறியபின் கீழ் ஹோஸ் வழியாக மீள்கின்றது.

இதில் பலரும் கருதாத பொருள் ஒன்றுண்டு. அது அழுத்தம். திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்ததே. ரேடியேட்டர் மூடியினுள் ஒரு சுருள்வில் இருக்கின்றது. மூடியின்மேல் 0.9 என்றோ 1.1 என்றோ பொறித்திருப்பதைக் காணலாம். அந்த அளவு அழுத்தம் உள்ளே சேரும்வரை வில் விட்டுக்கொடுப்பதில்லை. 0.9 அளவு அழுத்தத்தில் வெறும் நீரே ஏறத்தாழ 118 டிகிரி வரையில் கொதிக்காமல் நிற்கும். நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் தத்துவமும் இதுவே. ஆதலால், எங்கேனும் ஓர் ஊசித்துளை விழுந்தால் நாம் இழப்பது நீரை மட்டுமன்று. அழுத்தமும் போய்விடுகின்றது. அதுவரை 105, 110 டிகிரியில் அமைதியாக இருந்த நீர் அக்கணமே கொதிக்கத் தொடங்கி, நீராவிக் குமிழிகளாக மாறுகின்றது. குமிழி தொட்ட இடத்தில் நீர் தொடுவதில்லை. அவ்விடத்தில் உலோகம் காய்கின்றது. சிறு கசிவு பெரிய கேட்டைச் செய்வது இவ்வாறுதான்.

நீராவி எஞ்சின்களை நம் ஊர் மோதிபாக் நேரோகேஜ் ரயில் காட்சிசாலையில் பிள்ளைகளுக்குக் காட்டியிருப்பீர்கள். பிராட்கேஜில் ஓடிய டபிள்யூ.பி. வகை எஞ்சினின் கொதிகலனில் சதுர அங்குலத்திற்கு 210 ராத்தல் அழுத்தம்; உள்ளே நீரின் வெப்பம் ஏறத்தாழ 200 டிகிரி. அத்தகைய கொதிகலன்களில் நெருப்பு எரியும் அறையின் கூரையில் ஈயம் வார்த்த ஓர் அடைப்பான் பொருத்தியிருப்பார்கள். நீர்மட்டம் கூரைக்குக் கீழே இறங்கினால் ஈயம் உருகி, நீராவி பீறிட்டுத் தீயை அவிக்கும். நீர் குறைந்தால் தீ அணைய வேண்டும் என்பதை எஞ்சினுக்குள்ளேயே எழுதி வைத்தாற்போன்ற ஏற்பாடு அது. நம் கார்களில் அத்தகைய ஈயம் இல்லை. சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தும் கைதான் உண்டு.

2024ஆம் ஆண்டு மே மாதம், நம் சங்க அன்பர் ஒருவர் தம் தங்கையின் புதுமனை புகுவிழாவுக்காகச் சேலம் புறப்பட்டார். நாமும் உடன் சென்றோம். ஒன்பது ஆண்டு உழைத்த சிறிய பெட்ரோல் வண்டி. பாண்டர்கவடாவைக் கடந்து சிறிது தொலைவில் வெப்பமுள் சிவப்பை நோக்கி ஏறிற்று. அன்பர் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார். முன்புறமிருந்து புகை போல நீராவி எழுந்தது. அருகிலிருந்த தாபாவின் இளைஞர் ஒருவர் உதவும் நல்லெண்ணத்துடன் ஒரு வாளித் தண்ணீரும் துணியுமாக ஓடி வந்து, ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார். அப்போது, அங்கு நின்றிருந்த நாமக்கல் லாரி ஒன்றின் ஓட்டுநர், "ஹாத் மத் லகாவோ!" என்று உரக்கக் கூவி அவரைத் தடுத்தார்.

அந்தக் கூச்சல் அவ்விளைஞரின் கண்களைக் காத்தது என்றே நாம் கருதுகின்றோம். மூடியைத் திறந்தால் அழுத்தம் நீங்கும். கொதிநிலைக்கு மேல் வெப்பமேறிய நீரில் ஒரு பகுதி அந்நொடியே ஆவியாகும். ஒரு லிட்டர் நீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடங்கொள்ளும். அவ்வாறு பொங்கும் ஆவி மீதி நீரையும் அள்ளிக்கொண்டு முகத்திலும் மார்பிலும் அறையும். இங்கே தாய்மார்கள் பலர் அமர்ந்திருப்பதால் ஒன்று சொல்கின்றோம்: ஆடவர் அவசரப்பட்டு மூடியை நெருங்கினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். நாணம் வேண்டியதில்லை. சில வண்டிகளில் ரேடியேட்டரில் மூடியே இராது. பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் டாங்கின் மூடியே அழுத்த மூடி. அது பிளாஸ்டிக்தானே என்று எளிதாக எண்ணிவிடக் கூடாது.

லாரி ஓட்டுநர் எங்கள் பேச்சைக் கேட்டுத் தமிழர் என்று தெரிந்துகொண்டார். கீழே குனிந்து பார்த்தபடியே, "தண்ணி ஊத்தறது பெருசில்லீங்ணா. போன தண்ணி எந்த வழியில போச்சுன்னு மொதல்ல பார்க்கோணுங்க" என்றார். நாம் இவ்வுரையில் சொல்ல வந்ததும் அவ்வளவே. நீர் தானாகத் தீர்ந்துபோவதில்லை. அடைபட்ட சுற்றில் ஓடும் நீர் குறைந்தால் அது எவ்வழியிலோ வெளியேறியிருக்கின்றது. அவ்வழியை அறியாமல் மேலும் மேலும் ஊற்றிக்கொண்டு செல்வது ஓட்டைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்கும் வீட்டுக்கும் நடப்பதை ஒக்கும். நாமறிந்த வேறொருவர் அவ்வாறே நான்கு இடங்களில் நீர் ஊற்றி ஐதராபாத் வரை சென்றார். வண்டி போய்ச் சேர்ந்தது. ஆனால் ஹெட் வளைந்து, கேஸ்கட் எரிந்து, எஞ்சினைப் பிரித்துச் சீர்செய்ய ஆன செலவு அந்தப் பழைய வண்டியின் விலையில் ஏறக்குறையப் பாதி.

எங்கள் வண்டியில் கீழ் ஹோஸ், கிளிப் இறுக்கிய இடத்தருகே வெடித்திருந்தது. முக்கால் மணி நேரத்திற்கு மேல் காத்திருந்தோம். மேல் ஹோஸை விரல்களால் அமுக்கிப் பார்த்தால் அழுத்தம் உள்ளதா என்பது தெரியும். விறைப்பு நீங்கி நெகிழ்ந்திருந்தால் அழுத்தம் தணிந்துவிட்டது என்று கொள்ளலாம். அப்பொழுதும் தடித்த துணியை மூடியின்மேல் போர்த்தி, முகத்தை அப்பால் திருப்பி, முதல் தடை வரை மட்டும் திருகிச் சீறல் ஓய்ந்த பின்னரே முழுதும் எடுக்க வேண்டும். ஓட்டுநர் ஹோஸின் வெடித்த நுனியை அரை அங்குல அளவு வெட்டியெறிந்து, எஞ்சியதை இழுத்துப் பொருத்திக் கிளிப்பை முறுக்கினார். குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றினோம். இரண்டரை லிட்டர் சென்றது. காய்ந்த எஞ்சினில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் உலோகம் திடீரெனச் சுருங்கி விரிசல் காணும். ஆதலின் இச்செயலில் பொறுமையே முதற்கருவி. ஏ.சி. இன்றி, மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மிகாமல், இடையிடையே நிறுத்திப் பார்த்துக்கொண்டே ஆதிலாபாத் சேர்ந்தோம். அவ்வோட்டுநர் பணம் பெற மறுத்துவிட்டார்; தேநீர் மட்டும் அருந்தினார்.

ஆதிலாபாத்தில் அமைந்த மெக்கானிக் கெட்டிக்காரர். புதிய ஹோஸை மாட்டியதோடு வேலை முடிந்தது என்று அவர் அனுப்பிவிடவில்லை. எஞ்சின் முழுதும் ஆறிய பின் மூடியை எடுத்து, அவ்விடத்தில் அளவுமானி பொருத்திய ஒரு கைப்பம்பை மாட்டி, மூடியில் பொறித்துள்ள அளவுக்குக் காற்றை அடித்தார். முள் பத்து நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும், மெல்ல இறங்கிற்று. விளக்கைப் பிடித்துத் தேடியபோது ரேடியேட்டரின் பக்கவாட்டுப் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியச் சட்டமும் சேரும் விளிம்பில் ஈரம் துளிர்த்தது. இதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம். ஓரிடம் ஒழுகும்போது உள்ளே அழுத்தம் சேர்வதில்லை. அதனால் நலிந்திருக்கும் மற்ற இடங்கள் வாய் திறவாமல் இருக்கின்றன. முதற் கசிவை அடைத்தவுடன் அழுத்தம் திரும்புகின்றது. அடுத்த நலிந்த இடம் ஒழுகத் தொடங்குகின்றது. "நேற்றுத்தானே ஹோஸ் மாற்றினேன், இன்று மறுபடியும் கொதிக்கிறதே, மெக்கானிக் ஏமாற்றிவிட்டான்" என்று குறை கூறுவோர் பலர். ஏமாற்று இல்லாமலேயே அவ்வாறு நிகழக்கூடும். பழுது பார்த்தபின் அழுத்தச் சோதனை செய்தல் வேண்டும் என்று நாமே கேட்டுப் பெறுவது நலம். பழைய பித்தளை ரேடியேட்டர்களை ஈயம் பற்றவைத்துச் சீராக்கினர். பிளாஸ்டிக் தொட்டிக்கு அது பயன்படாது. மறுநாள் புதிய ரேடியேட்டர் பொருத்தி, நண்பகலில் புறப்பட்டோம்.

நீர் வெளியேறும் வழிகள் இன்னும் உண்டு. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளேயுள்ள சீல் தேய்ந்தால் அத்துளை வழியே நீர் சொட்டும். துளையை அடைக்கக் கூடாது, பம்பை மாற்ற வேண்டும். ஓட்டுநர் பக்கத்தில் அமர்பவரின் காலடி விரிப்பு காரணமின்றி ஈரமாகி, இனிப்பு நெடி வீசினால் உள்ளிருக்கும் ஹீட்டரின் சிறு ரேடியேட்டர் ஒழுகுகின்றது. மூடியின் ரப்பர் கெட்டாலும் நீர் மெல்ல மெல்லப் போய்விடும். ஐயம் நேர்ந்தால் முதலில் மூடியை மாற்றிப் பார்ப்பதே சிக்கனம்.

எங்குமே ஈரம் தென்படவில்லை, ஆயினும் நீர் குறைகின்றது என்றால் அதுவே அஞ்சத்தக்கது. ஹெட் கேஸ்கட் பழுதாகிச் சிலிண்டருக்குள்ளேயே நீர் சென்று எரிகின்றது எனலாம். வெண்புகை தொடர்ந்து வருதல், எஞ்சின் ஆயில் பால் கலந்த காப்பியைப் போல நிறம் மாறுதல், டாங்கில் குமிழிகள் எழுதல் ஆகியவை அதன் குறிகள். நீல நிறத் திரவம் ஒன்றை டாங்கின் வாயில் பொருத்தி, உள்ளிருந்து வரும் காற்றை அதன் வழியே செலுத்தினால், எரிவாயு கலந்திருக்கும்போது அது மஞ்சளாக மாறும். எஞ்சினைப் பிரிப்பதற்குமுன் இச்சோதனையைச் செய்துவிட்டால் வீண் செலவு தவிரும்.

நீர் குறையாமலேயே கொதிப்பதும் உண்டு. மேல் ஹோஸ் சுட, கீழ் ஹோஸ் குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என ஐயுறலாம். நெடுஞ்சாலையில் நன்றாக ஓடி, ஊருக்குள் நெரிசலில் மட்டும் சூடேறினால் மின்விசிறியைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் ஏ.சி.யைப் போட்டவுடன் விசிறி சுழலும்; சுழலாவிடில் பியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகச் சோதிக்கலாம்.

வெப்பமுள்ளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அம்முள்ளுக்குச் செய்தி அனுப்பும் உணர்கருவி நீரில் மூழ்கியிருந்தால்தான் உண்மை கூறும். நீர் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் அது வெறும் ஆவியின் நடுவே நிற்கும். முள் இறங்கிவிடவும் கூடும். சிவப்பிலிருந்த முள் திடீரெனக் கீழே விழுந்தால், "அப்பாடா, ஆறிவிட்டது" என்று மகிழ்ந்து மேலும் ஓட்டுவதற்கில்லை. நீர் அறவே வற்றிவிட்டது என்பதற்கும் அது குறியாகலாம். இப்போது வரும் வண்டிகள் பலவற்றில் முள்ளே கிடையாது. சிவப்பு விளக்கு ஒன்றுதான். அது எரியும்போது நிலைமை முற்றியிருக்கும். ஆதலால் பயணத்தில் ஒவ்வொரு நாளும் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கையில், பக்கத்து டாங்கில் நீர்மட்டம் இரு கோடுகளுக்கும் இடையே உள்ளதா என்று காண்பது நன்று. அரை நிமிட வேலை.

முள் ஏறத் தொடங்கி, ஆவி இன்னும் எழாத நிலையில், ஏ.சி.யை நிறுத்திக் கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழு அளவில் திறந்துவிட்டு ஓரங்கட்டுங்கள். மே மாத வெயிலில் ஹீட்டரா என்று வண்டியிலுள்ளோர் நம்மைப் பைத்தியமாகக் கருதலாம். ஹீட்டரும் எஞ்சினின் வெப்பத்தையே உறிஞ்சுகின்றது. அது ஒரு சிறிய இரண்டாம் ரேடியேட்டர். ஆவி எழுந்துவிட்டால், அல்லது சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால், இந்த உபாயங்களுக்கெல்லாம் இடமில்லை. உடனே நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். முதியோரையும் குழந்தைகளையும் இறக்கி, சாலையை விட்டு விலகி நிழலில் அமர்த்துங்கள். பானெட்டை ஆவி தணிந்தபின் திறக்கலாம். மின்விசிறி எஞ்சின் நின்ற பின்னும் தானே சுழலக்கூடும் என்பதால் விரல்களை அதனருகே கொண்டுபோகக் கூடாது.

நம் நாட்டு ஓட்டுநர்களின் கைவைத்தியம் ஒன்றையும் குறிப்பிடாமல் விடுவதற்கில்லை. ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு பிடி மஞ்சள் தூளைப் போடுவர். துகள்கள் ஊறிப் பருத்து ஊசித்துளையை அடைக்கும். ஆளில்லாக் காட்டுவழியில் அது உயிர் காக்கும் உபாயம்தான். ஆனால் துளையை அடைக்கும் தூள் ரேடியேட்டரின் நுண்குழல்களையும் அடைக்கும் அன்றோ? அடுத்த ஊரிலேயே அனைத்தையும் வடித்துக் கழுவிவிட வேண்டும். வேறு சிலர், "நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு?" என்று அதைக் கழற்றி எறிந்துவிடுகின்றனர். இதனை நாம் ஒப்புவதில்லை. அது இல்லாத எஞ்சின் உரிய சூட்டை அடையாமலே ஓடுவதால் பெட்ரோல் மிகுதியாகச் செலவாகும், தேய்மானமும் கூடும். கெட்டுப்போனால் புதியது வாங்கிப் பொருத்துவதே முறை.

வழியில் ஊற்றிய குடிநீரை ஊர் சேர்ந்தபின் வடித்துவிட்டு, வண்டியின் கையேட்டில் சொல்லியுள்ள வகைக் கூலண்டையே நிரப்புக. கூலண்ட் என்பது எத்திலீன் கிளைகால் என்னும் திரவத்தோடு துருவைத் தடுக்கும் மருந்துகள் சேர்ந்தது; கொதிநிலையையும் அது சற்று உயர்த்தும். பச்சை, சிவப்பு, நீலம் என்னும் நிறங்களைக் கொண்டு வகை அறிய இயலாது. இருவேறு வகைகளைக் கலந்தால் களிம்பு திரளக்கூடும். சில டப்பாக்களில் இருப்பது அப்படியே ஊற்றத்தக்கது. சிலவற்றில் இருப்பது செறிவானது, காய்ச்சி வடித்த நீர் கலக்க வேண்டுவது. டப்பாவின்மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டே ஊற்றுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றவே கூடாது; வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் உப்பு, எஞ்சினுக்குள்ளும் படியும். நிரப்பும்போது மூடியைத் திறந்தே வைத்து, குளிர்ந்த எஞ்சினை இயக்கி, ஹீட்டரைத் திறந்து, தெர்மோஸ்டாட் திறந்து நீர் சுற்றத் தொடங்கும்வரை விட்டால் உள்ளே சிக்கிய காற்று குமிழிகளாக வெளியேறும். மட்டம் இறங்க இறங்க ஊற்றி, பின் மூட வேண்டும். காற்று சிக்கிக்கொண்டால் நீர் நிறைந்திருந்தும் எஞ்சின் கொதிக்கும். மறுநாள் காலை மட்டத்தை மீண்டும் ஒருமுறை பாருங்கள்.

வடித்த பழைய கூலண்டை வாசலில் கொட்டாதீர்கள். அது இனிக்கும், நாயும் மாடும் நக்கும், விவரமறியாக் குழந்தையும் வாயில் வைக்கும். இனிப்பாயினும் அது நஞ்சு. சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே மாய்க்க வல்லது. மூடியுள்ள பழைய கேனில் நிரப்பி, பெயர் எழுதி ஒட்டி, கூலண்ட் மாற்றும் பணிமனையிலேயே ஒப்படைத்துவிடுங்கள். குடிநீர்ப் புட்டியில் மட்டும் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.

நம் அன்பரின் வண்டி மண்டபத்தின் வாயிலில் காலை முதல் நிற்கின்றது. எஞ்சின் நன்றாக ஆறியிருக்கின்றது. அழுத்தச் சோதனைப் பம்பு ஒன்றையும் இரவல் வாங்கி வந்திருக்கின்றோம். உணவு இடைவேளையின்போது விருப்பமுள்ளோர் வந்தால் மூடி, ஹோஸ், பம்பின் துளை முதலியவற்றை நேரில் காட்டுவோம்.